ஒரு கொம்பு மருந்து

அந்தத் துப்பாக்கியின் குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால் இரண்டு முறை சத்தம் வர வேண்டும். முதல் சத்தத்தில் குதிரை பாதியில் நிற்கும். அது பத்திரத்துக்கு. இரண்டாவது சத்தத்தில் முழுதாக நிற்கும். அதன்பிறகு விசையைத் தொட்டால் வெடிக்கும். என் மாமனார் வீட்டுத் துப்பாக்கியில் நான் கேட்டதெல்லாம் ஒரே சத்தம்தான். பாதியில் நிறுத்துகிற பல் தேய்ந்து பல காலம் ஆகியிருந்தது. அதை யாரும் குறையாக நினைக்கவில்லை.

ஒற்றைக்குழல் துப்பாக்கி. மாமனாரின் தாத்தா காலத்தில் வந்தது என்பார்கள். குழலின் வாய்வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, ஈய ரவையைப் போட்டு, மறுபடியும் நாரை அடைத்து, கெஜக்கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். குழலின் அடியில், பக்கவாட்டில், ஒரு சின்ன இரும்புக் காம்பு இருக்கும். அதன் தலையில் கேப்பு என்கிற சின்ன வெடிமூடியைச் செருகுவார்கள். குதிரை வந்து கேப்பை அடித்தால், நெருப்பு காம்பின் ஓட்டை வழியாக உள்ளே போய் மருந்தைப் பிடிக்கும். வேர்க்கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றி கிளறாமல் இருக்க வேண்டும் என்று லைசென்சு கொடுத்திருந்தார்கள். ஆனால் பன்றிக்காக மட்டும் மாமனார் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தார் என்று சொன்னால் அது பொய்.

மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் எங்கள் ஊரில் பாரிவேட்டை. பெருமாளைப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் பின்னால் இருக்கிற புதர்க்காட்டுக்குப் போவார்கள். அங்கே ஒரு மொட்டைப் பாறை உண்டு. பல்லக்கைப் பாறைமேல் இறக்கியதும் புதர்ப்பக்கமாக ஒரு வெடி வெடிக்க வேண்டும். அந்த முதல் வெடி என் மாமனார் வீட்டுக்குச் சொந்தம். வெடித்தவருக்குப் பெருமாள் கழுத்து மாலை. ஊரில் அவருக்கு இருந்த மரியாதை முழுக்க அந்த ஒரு மாலையில்தான் இருந்தது. நான்கு ஏக்கர் மானாவாரிக்காரனுக்கு வேறு எதில் மரியாதை வரும்?

நான் அந்த வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவன். என் ஊர் திருத்தணிப் பக்கம். எங்கள் நிலம் கைவிட்டுப் போனபிறகு, மாமனார் வீட்டில் இருந்த ஒரே பெண்ணுக்கு என்னைப் பார்த்தார்கள். மாமனார் ஊர் விஜயபுரத்துக்குப் பக்கத்தில். போய்ச் சேர்ந்தபோது எனக்கு வயது இருபத்தாறு. படித்தது ஐந்தாம் வகுப்பு, தமிழில். எனக்குச் சிறு வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் வாய் வராது. தெரிந்த விஷயமாக இருந்தாலும், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துவிட்டால் கண் தரைக்குப் போய்விடும். இன்றைக்கும் அப்படித்தான்.

மாமனார் அவசரத்துக்கு ஒரு வார்த்தை தவிர என்னிடம் நேராகப் பேசமாட்டார். நானும் அவரிடம் பேசியதில்லை. கூச்சம் ஒரு பக்கம், அந்த வீட்டு வழக்கம் ஒரு பக்கம். எல்லாம் ஜாடைதான். கொட்டகையில் ஒரு ஜோடி மாடு இருந்தது. இடதுபக்கம் கட்டுகிற செவலை மாட்டைத்தான் நாங்கள் இரண்டு பேரும் நடுவில் வைத்திருந்தோம்.

"ஏன்டா செவல, வேளாவேளைக்குத் துன்றதுக்குத் தெரியுது, ஏரு கட்டறதுன்னா மட்டும் காலு வலிக்குதா உனுக்கு?" என்பார் அவர். அது எனக்கு.

"போடா செவல, காலைல இருந்து நீதான உழுதுகினு இருந்த. பார்க்காதவங்க பேசட்டும்" என்று மாட்டின் முதுகைத் தட்டிக்கொண்டே நான் சொல்வேன். அது அவருக்கு.

என் மனைவி நடுவில் நின்று சிரிப்பாள். "அந்த மாடு செத்துப்போச்சுன்னா நீங்க ரெண்டு பேரும் ஊமையாதான் இருக்கணும்" என்பாள். கல்யாணமான புதிதில் எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு மூன்று வருஷத்தில் நின்றுபோயிற்று.

ஆந்திரம் தனியாகப் பிரிந்து, எங்கள் பக்கத்து எல்லை மட்டும் முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று டீக்கடையில் தினமும் பேச்சு. அப்படி ஒரு வருஷத்துப் பாரிவேட்டையில் துப்பாக்கி ஏமாற்றிவிட்டது.

பல்லக்கை இறக்கினார்கள். மேளம் நின்றது. மாமனார் குதிரையை இழுத்து விசையைத் தட்டினார். குதிரை விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. கேப்பை மாற்றினார். மறுபடியும் அதே. மூன்றாவது முறை கேப்பு வெடித்தது, மருந்து பிடிக்கவில்லை. குதிரையைத் தள்ளுகிற வில் தளர்ந்து, குதிரையின் முகமும் குழி விழுந்து போயிருந்தது. ஏரிக்கரை முழுக்க ஜனம். பூசாரி கற்பூரத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார். யாரோ ஒருவர், "பெருமாளு பன்னிய மன்னிச்சிட்டாருப்பா" என்றார். சிரிப்பு கிளம்பியது.

மாமனார் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு ஊரைப் பார்த்து, "கேப்பு டப்பாவ ஈரத்துல வெச்சிகீறான், வீட்டு மாப்ள. சோறு துன்றதைத் தவிர ஒண்ணும் தெரியாதவன்கிட்ட குடுத்தா இப்படித்தான்" என்றார்.

கேப்பு டப்பாவை நான் தொட்டதே இல்லை. அது அவருடைய பெட்டியில், பெட்டியின் சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில். அது அங்கே இருந்த பாதி பேருக்குத் தெரியும். இருந்தும் சிரித்தார்கள். நான் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. மேலத்தெரு விவசாயி ஒருவர் புதிதாக லைசென்சு எடுத்திருந்தார். அவருடைய துப்பாக்கியை வாங்கி வெடித்தார்கள். மாலை அவர் கழுத்துக்குப் போனது. "அடுத்த வருசமும் இப்படின்னா வழக்கத்தை மாத்திக்கலாம்" என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது, அந்தச் சிரிப்பை நான் உள்ளே எங்கேயோ போட்டு மூடி வைத்தேன். மூடி வைத்தது எனக்கே அப்போது தெரியாது.

அடுத்த பாரிவேட்டைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது லைசென்சைப் புதுப்பிக்கச் சித்தூருக்குப் போனோம். துப்பாக்கியைக் கோணியில் சுற்றி நான் சுமந்தேன். மருந்து அளக்கிற கொம்பை என் இடுப்பில் கட்டிவிட்டார். அது ஒரு வெள்ளாட்டுக் கொம்பின் நுனியை அறுத்துச் செய்தது. ஒரு விரல் நீளம் இருக்கும். பஸ்ஸில் மாமனார் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து ஆளிடம் பேசினார். "என் மாப்ள ஊரை மெட்ராசுக்குக் குடுத்துடுவாங்களாம். அப்பால அவன் ஊருக்குப் போறதுன்னா வெளிநாடு போற மாதிரி. நல்லதுதான், சும்மா சும்மா ஓடமாட்டான்." பக்கத்து ஆள் சிரித்தார். நான் துப்பாக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபீசில் துப்பாக்கியைக் காட்டினோம். அங்கிருந்தவர் குதிரையை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் திட்டினார். இந்த நிலைமையில் வைத்திருந்தால் லைசென்சைத் தரமாட்டேன், சரிசெய்து கொண்டுவா என்றார். மாமனாருக்குச் சந்தைத் தெலுங்கு நன்றாக வரும். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். இரண்டு தெரு தள்ளித் துப்பாக்கி ரிப்பேர் செய்கிற சாயபு ஒருவர் கடை வைத்திருந்தார். என்னை அங்கே உட்காரவைத்து, சாயபுவிடம், "எல்லாம் பார்த்து மாத்திடுங்க, இந்த வருசம் வெடிக்கணும்" என்று சொல்லிவிட்டு, மனு எழுதுகிறவரைத் தேடிப் போனார்.

சாயபுவுக்கு ஐம்பது வயதிருக்கும். சிறிய கடை. ஒரு பட்டறைப் பலகை, இரும்பைக் கவ்வுகிற ஒரு பிடிப்பு, சுவரில் வரிசையாக அரங்கள். அவர் பேசிக்கொண்டே வேலை செய்கிற ஆள். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. கேட்டால் போதும்.

முதலில் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே இருந்த வில்லை எடுத்தார். இரண்டு விரலால் அழுத்தினார், அது பேசாமல் மடங்கியது. "செத்த வில்லு" என்று ஓரமாகப் போட்டார். தன் டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்து, அரத்தால் ராவி, நெருப்பில் காட்டி, எண்ணெயில் நனைத்து, மறுபடியும் காட்டி மாட்டினார்.

தேய்ந்த பல்லுக்குப் புதிதாக வெட்டு வெட்டினார். குதிரையின் முகத்தில் இருந்த குழியை ராவி மட்டமாக்கினார். அப்புறம் காம்பைக் கழற்ற முயன்றார். அது துருப்பிடித்து வரவில்லை. எண்ணெய் விட்டு, சூடு காட்டி, அரைமணி நேரம் மெதுவாகத் தட்டித் தட்டித் திருகி எடுத்தார். எடுத்ததை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார்.

"இதைப் பாரு தம்பி. இந்த ஓட்டையில ஊசி போகணும். இதுல பென்சிலே போகும்போல கீது. எவ்ளோ மருந்து போடறீங்க?"

நான் கொம்பைக் காட்டி இரண்டு விரலை நீட்டினேன்.

அவர் கொம்பை வாங்கி உள்ளே பார்த்தார். அதன்பிறகு என்னைப் பார்த்தார். "ரெண்டா? இந்தக் குழலுக்கா?"

பிறகு அவர் சொன்னதை இன்றைக்கும் வார்த்தை பிசகாமல் சொல்வேன். காம்பின் ஓட்டை தேயத் தேய, வெடிக்கிற வேகத்தில் பாதி பின்பக்கமாகவே வெளியே போய்விடும். முன்னால் வேகம் குறையும். வேகம் குறைகிறதென்று மருந்தைக் கூட்டுவார்கள். ஒரு கொம்பு ஒன்றரையாகும், ஒன்றரை இரண்டாகும். இப்போது புதுக் காம்பு போடுகிறோம். ஓட்டை ஊசிமுனை அளவு. இனிமேல் வேகம் பின்னால் போகாது. எல்லாம் குழலுக்குள்ளேயே நிற்கும். குழலோ உள்ளே துரு தின்று அடிப்பக்கம் மெலிந்திருக்கிறது.

"ஒரு கொம்பு. தலை தட்டி ஒரே ஒரு கொம்பு. அதுக்கு மேல போட்டா குழலு தாங்காது, பிளந்துடும். உங்க மாமாகிட்ட நீ சொல்லிடு. நானும் சொல்றேன்."

காம்பைத் திருகிப் பொருத்தி, அதில் வெறும் கேப்பை மட்டும் செருகி, குழல்வாயைத் தரையருகே பிடித்து விசையைத் தட்டினார். தரையில் இருந்த புழுதி ஒரு கோடாகப் பறந்தது. "பார்த்தியா, வெறும் கேப்புக்கே இந்த வேகம்" என்றார். தேய்ந்த காம்பைக் காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தார்.

அவர் தொழுகைக்குக் கிளம்ப வேண்டிய நேரமாகிவிட்டது. மாமனார் வருவதற்கு முன்பே கடையை அடைத்துவிட்டுப் போனார். போகும்போதும் ஒரு விரலை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் போனார்.

மாமனார் வந்து துப்பாக்கியை வாங்கிக் குதிரையை இழுத்தார். இரண்டு சத்தம் கேட்டது. அவர் முகம் மலர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. திரும்பத் திரும்ப இழுத்தார். ஆபீசில் காட்டினோம், லைசென்சும் கிடைத்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். திரும்பி வரும்போது புத்தூர் வரைக்கும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தோம். "மாமா" என்று ஆரம்பிக்க இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டாவது முறை அவர் கவனித்துவிட்டு, "இன்னா, வாந்தி வருதா? ஜன்னல் பக்கம் போ" என்றார். நான் ஜன்னல் பக்கம் போனேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "மருந்தைக் கொறைச்சிப் போடணுமாம், உங்க நைனாகிட்ட சொல்லு" என்றேன். அவள் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். "துப்பாக்கி விசயமெல்லாம் நான் சொன்னா கேப்பாரா? பொம்பளைக்கு இன்னா தெரியும்னுவாரு. நீயே சொல்லு, வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்றாள். எதனால் குறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அப்படியே நாள் போனது. பாரிவேட்டைக்கு இரண்டு நாள் முன்னால், காலை நேரம், நான் கொட்டகையில் சாணி வழித்துக்கொண்டிருந்தேன். மாமனார் வாசலில் உட்கார்ந்து குழலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அவராகவே ஆரம்பித்தார்.

"ஏன்டா செவல, இந்த வருசம் கேப்பு டப்பாவ எவனும் ஈரத்துல வெக்காம இருந்தா சரிதான்."

ஒரு வருஷத்துக்கு முந்தையது அப்படியே மேலே வந்துவிட்டது. நான் மாட்டின் கழுத்தைத் தடவினேன். அப்போது நான் சொன்னது இதுதான்:

"டேய் செவல, சாயபு சொன்னாருடா. துப்பாக்கி இப்ப பழைய மாதிரி இல்லியாம், உதைக்குமாம். வயசானவங்க தோளு தாங்காதாம். ஒரு கொம்போட நிறுத்திக்கிறது நல்லதுன்னாரு."

சாயபு தோள் என்று சொல்லவே இல்லை. குழல் என்றார். வயசானவங்க என்ற பேச்சே அவர் எடுக்கவில்லை. அதை நான் போட்டேன். அளவு சரி, ஒரு கொம்பு என்பதைச் சொல்லிவிட்டேன். எனக்கு இட்ட வேலையை முடித்துவிட்டதாக அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். ஆனால் அவருடைய கை எண்ணெய்த் துணியோடு நின்றதையும், காது சிவந்ததையும் ஓரக்கண்ணால் பார்த்தேன். பார்த்தபோது எனக்கு இனித்தது. இதை எழுதுவதற்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பாரிவேட்டை அன்று வெயில் நன்றாக இருந்தது. பல்லக்கு பாறைக்கு வந்தது. மேலத்தெரு விவசாயியும் தன் துப்பாக்கியோடு வந்து ஓரமாக நின்றிருந்தார். இந்த முறையும் ஏமாந்தால் வாங்கி வெடிக்கலாமென்று யாரோ சொல்லிவைத்திருக்க வேண்டும். மாமனார் குழலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கொம்பை எடுத்தார். நான் பத்து முழ தூரத்தில் நின்றேன்.

ஒரு கொம்பு கொட்டினார்.

இரண்டாவது கொம்பை நிரப்பினார். தலை தட்டவில்லை, கோபுரமாக இருந்தது. கொட்டினார்.

பிறகு தலையை நிமிர்த்திக் கூட்டத்தில் என்னைத் தேடினார். கண்டுபிடித்தார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது கொம்பைக் கொட்டினார்.

மேளம் அடித்துக்கொண்டிருந்தது. கத்தினால் கேட்டிருக்கும். பத்து முழம்தான். ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்கலாம். அத்தனை பேர் முன்னால் வீட்டு மாப்பிள்ளை மாமனார் கையைப் பிடித்தால் என்ன பேசுவார்கள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், அந்த நேரத்தில். அவர் நாரை அடைத்து, ரவை போட்டு, கெஜக்கோலால் இடிக்கிற வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. ஒவ்வொரு இடியையும் எண்ணிக்கொண்டு நின்றேன்.

மேளம் நின்றது. குதிரையை இழுத்தபோது இரண்டு சத்தமும் தனித்தனியாகக் கேட்டது.

முதலில் புகைதான் தெரிந்தது. பெருமாளும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. கூட்டம் "கோவிந்தா" என்று குரல் கொடுத்தது. வெடித்துவிட்டதென்று சந்தோஷம். புகை விலகியபோது அவர் உட்கார்ந்திருந்தார். குழல் அடிப்பக்கத்தில் வாழைப்பூ மடல் மாதிரி விரிந்திருந்தது. அவருடைய இடது கையில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் இல்லை. அவர் கையைப் பார்த்துவிட்டு, மாலை வைத்திருந்த பூசாரியைப் பார்த்தார்.

மாலை போட்டார்களா என்று பலர் பிறகு என்னைக் கேட்டார்கள். போடவில்லை. ரத்தம் பட்டால் தீட்டு என்று பூசாரி பின்னால் போய்விட்டார். அந்த வருஷத்து மாலை யாருக்கும் இல்லை. அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து மேலத்தெருவுக்கு.

மாட்டுவண்டியில் புத்தூர், அங்கிருந்து பஸ்ஸில் திருப்பதி. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தார். நான் கூடவே இருந்தேன். ஜன்னல் வழியாக மலை தெரியும். மற்ற நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் அலிபிரியில் ஏறி மலைக்குப் போய்விட்டு, மொட்டைத்தலையோடு லட்டு கொண்டுவந்து தருவார்கள். அவர் வலது கையால் வாங்கிச் சாப்பிடுவார். மூன்று வாரத்தில் என்னிடம் பேசியதெல்லாம் தண்ணி, வெளிக்கு, போர்வை, இவ்வளவுதான். அங்கே மாடு இல்லை.

ஊரில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். ரிப்பேர் செய்த சாயபு கெடுத்துவிட்டார். நல்லா இருந்த துப்பாக்கி, அவர் கைவைத்த பிறகுதானே வெடித்தது? என் மனைவியும் அப்படித்தான் பேசினாள். நான் அவளிடம் மருந்தைக் குறைக்கச் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்ததா என்று தெரியாது. இருந்திருந்தால் அவளுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அதனால் கேட்காமலேயே விட்டிருப்பாள்.

வெடித்த துப்பாக்கி என்பதால் போலீசுக்குப் போயிற்று. ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டபோது மாமனார், "எப்பவும் போடற மருந்துதான் போட்டேன்" என்றார். ஒரு இன்ஸ்பெக்டர் என்னைச் சித்தூருக்கு அழைத்துக்கொண்டு போனார். கடையில் சாயபுவை நிற்கவைத்து விசாரித்தார். சாயபு என்னைக் கண்டதும் முகம் தெளிந்தார். தனக்குச் சாட்சி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

"தம்பி, நீயே சொல்லு. ஒரு கொம்புன்னு நான் சொன்னனா இல்லியா? போகும்போதுகூட விரலைக் காட்டினேனே."

நான் தரையைப் பார்த்தேன். அன்றைக்குப் புழுதி பறந்த இடம்.

"ஏமி செப்பலேதா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லையா என்று.

சொன்னார் என்றால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். நீ ஏன் உன் மாமனாரிடம் சொல்லவில்லை? சொன்னேன் என்றால், எப்படிச் சொன்னாய்? மாட்டிடம் சொன்னேன் என்று எந்த ஸ்டேஷனில் சொல்ல முடியும்? அந்த வீட்டை விட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது.

"லேது" என்றேன்.

இல்லை என்பதற்கு, எனக்குத் தெரிந்த பத்து இருபது தெலுங்கு வார்த்தையில் ஒன்று. யாரும் வற்புறுத்தாமல், கேட்ட உடனே, நேருக்கு நேர் அதுவரைக்கும் நான் சொன்ன ஒரே பதில் அதுதான். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். எல்லாம் தெலுங்கில் இருந்தது. கீழே என் பெயரைத் தமிழில் போட்டேன். சாயபு பட்டறைப் பலகைமேல் கிடந்த அரத்தை எடுத்துச் சுவரில் அதன் இடத்தில் மாட்டினார்.

துப்பாக்கி ரிப்பேர் செய்ய அவருக்கு இருந்த அனுமதியை அந்த வருஷம் புதுப்பிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். எங்கள் லைசென்சும் போயிற்று. இரண்டு வருஷம் கழித்து வேர்க்கடலை மூட்டையோடு சித்தூர் போனபோது அந்தத் தெருவுக்குள் நுழைந்தேன். சாயபு அதே கடையில் ஸ்டவ்வும் பெட்ரோமாக்ஸ் விளக்கும் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். சுவரில் அரங்கள் பாதிதான் இருந்தன. நிமிர்ந்து, "இன்னா வேணும்?" என்றார். என்னைத் தெரிந்துதான் கேட்டாரா, தெரியாமலா, எனக்குத் தெரியவில்லை. "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன். அவருக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது.

அதற்குள் எல்லை முடிவாகிவிட்டது. என் ஊர் மெட்ராஸ் பக்கம் போயிற்று. மாமனார் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. என் அண்ணன் ஆள் அனுப்பினான், குடும்பத்தோடு வந்துவிடு, குத்தகைக்கு நிலம் இருக்கிறது என்று. போகலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மாமனாருக்கு இரண்டு விரல் கையால் வேட்டி கட்ட முடியாது. வேர்க்கடலை உரிக்க முடியாது. மகளைக் கட்டிவிடச் சொல்ல வெட்கம். அதனால் காலையில் குளித்துவிட்டு வந்து வாசலில் நிற்பார். நான் போய்க் கட்டிவிடுவேன். அவரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. நான் போயிருந்தால் அவர் காலை முழுக்க வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருப்பார். அப்படியே நிற்கட்டும் என்று நினைத்த நாட்களும் உண்டு.

செவலை மாடு செத்த வருஷம், ஒரு காலையில், நான் அவர் இடுப்பில் வேட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். என் தலைக்கு மேலிருந்து அவர் பேசினார். சுற்றிலும் யாரும் இல்லை. என்னிடம்தான் பேசுகிறார் என்று புரிய கொஞ்ச நேரம் ஆனது.

"அன்னிக்கு மாட்டுகிட்ட சொன்னியே. சாயபு தோளுன்னா சொன்னாரு?"

என் கை நின்றுவிட்டது. வாய் வராது என்றுதான் நினைத்தேன். வந்தது.

"இல்ல, மாமா. குழலுன்னாரு. குழலு தாங்காதுன்னாரு."

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு பஸ் போனது. புழுதி அடங்கியது.

"குழலுன்னு சொல்லியிருந்தா ஒண்ணோட நிறுத்தியிருப்பேன்" என்றார்.

வேட்டியின் முனை என் கையில் இருந்தது.

"கட்டு. நேத்து கட்டினது அவுந்துபோச்சு. இறுக்கிக் கட்டு."

கட்டினேன்.